காய்ந்த இலையாக மாறிவிடும் வண்ணத்துப்பூச்சி: படமெடுக்க வழி சொல்லுங்கள்

ஓடைக்கரை:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே வண்ணத்துப்பூச்சியின் பின்னால் அலைகிறேன், அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

ஓடையை ஒட்டிய நிழலான காட்டுப் பாதை. முதல் நாள் நடந்துகொண்டிருந்தபோது காலடியிலிருந்து ஏதோ ஒன்று விருட்டென்று கிளம்பியது. மின்னும் கருநீலம், முன் இறக்கையில் குறுக்கே அகலமான ஆரஞ்சுப் பட்டை, விரித்த இறக்கை எப்படியும் பத்து சென்டிமீட்டர் இருக்கும். பத்தடி தள்ளி ஒரு புதருக்குள் இறங்கியது, அவ்வளவுதான், காணோம். புதரை அரை மணி நேரம் கண்ணால் துழாவினேன், சருகுதான் தெரிந்தது, கடைசியில் அலுத்துப்போய்த் திரும்பியபோது அந்தச் சருகுகளில் ஒன்று எழுந்து பறந்தது. நடு நரம்பு, கிளை நரம்பு, பூஞ்சை பிடித்தது போன்ற புள்ளிகள், கீழே காம்பு மாதிரி ஒரு வால். அன்றிலிருந்து வேறு எதையும் படமெடுக்க மனம் வரவில்லை.

கையில் இருப்பது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், 100-400 ஜூம் ஒன்று, சின்ன ஃபிளாஷ், டிரைபாட். இதுவரை இருநூறு படமாவது எடுத்திருப்பேன். பாதியில் இறக்கை தெளிவாக இருந்தால் தலை மங்கல். மேல்பக்க நீலம் ஒன்றில்கூட இல்லை, உட்கார்ந்த நொடியே இறக்கையை மூடிவிடுகிறது. இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய குழப்பம்: நன்றாக வந்த இரண்டு மூன்று படங்களை வீட்டில் காட்டினால் "பூச்சி எங்கே?" என்று கேட்கிறார்கள். அதில் வண்ணத்துப்பூச்சி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

எப்படி நெருங்குவது, நீலப் பக்கத்தை எப்படி எடுப்பது, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி எப்படி எடுப்பது? தெரிந்த ஒருவர், வலையில் பிடித்துக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் அசையாமல் இருக்கும், அப்புறம் நிதானமாக எடுக்கலாம் என்றார். அது சரியா?

செதில்:

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் ஆரஞ்சு ஓக்லீஃப், அறிவியல் பெயர் காலிமா இனாகஸ். இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா, தெற்குச் சீனா வழியாக ஜப்பானின் ஓகினாவா வரை பரவியிருக்கிற இனம். தென்னிந்திய மலைகளில் இருப்பது இதன் உறவு, காலிமா ஹார்ஸ்ஃபீல்டி, அதற்குப் பட்டை ஆரஞ்சாக இருக்காது, வெளிர் நீலமாக இருக்கும். டோலஸ்காலியா என்று இன்னொரு இலை வேஷக்காரரும் உண்டு, அதன் மேல்பக்கம் ஆரஞ்சு கலந்த பழுப்பு, இந்தக் கருநீலம் இருக்காது. அதனால் நீலப் பக்கம் ஒரு படத்திலாவது வந்தால் அடையாளம் சொல்பவர்களுக்குப் பெரிய உதவி, அழகுக்காக மட்டும் அதைத் தேட வேண்டாம்.

உங்களுக்கு நடந்ததுதான் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கும் நடந்தது. 1861 கடைசியில் சுமத்திராவில் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கப் பல தடவை முயன்றார், ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச தூரம் பறந்து காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு புதரில் நுழைந்துவிடும், எவ்வளவு மெதுவாக ஊர்ந்து போனாலும் அது திடீரென்று எழுந்து பறக்கும்வரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு நாள் அது இறங்கிய சரியான இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டார், அப்போதும் சிறிது நேரம் தவறவிட்டு, பிறகு பார்த்தால் அவர் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது. வேலையே அங்கேதான் இருக்கிறது. பறக்கும்போது கேமராவைத் தூக்காதீர்கள். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்தால் இறங்கும் இடம் போய்விடும். நின்ற இடத்திலேயே நின்று, இறங்கிய கிளையை, அதன் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் அடையாளத்தை மனதில் பதித்துக்கொண்டு, ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். நகரும்போதும் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம்.

நெருங்குவது பற்றி. இவற்றின் கூட்டுக்கண் அசைவைப் பிடிப்பதில் கில்லாடி. நேராக எதிரே நடந்து போனாலும் மெதுவாகப் போனால் பொறுத்துக்கொள்ளும், பக்கவாட்டில் கையை ஆட்டினாலோ உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தாலோ பொறுக்காது. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு சூட்சுமம், இதை நான் பல நாள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த "நடு நரம்பு" இருக்கிறதே, அது ஒரே இறக்கையில் முழுசாக இல்லை. பின் இறக்கையின் வாலில் தொடங்கி முன் இறக்கையின் நுனிவரை இரண்டிலும் சேர்ந்து ஓடுகிறது. இப்போதுதான் இறங்கி, இன்னும் சந்தேகத்தில் இருக்கும் பூச்சி முன் இறக்கையைச் சற்றுத் தூக்கி வைத்திருக்கும், கோடு நடுவில் உடைந்து தெரியும். நிம்மதியானதும் முன் இறக்கை கீழே இறங்கும், கோடு ஒட்டிக்கொள்ளும். கோடு உடைந்திருக்கும்வரை நில்லுங்கள், ஒட்டிய பிறகு ஓர் அடி வையுங்கள். மறுபடி உடைந்தால் மறுபடி நில்லுங்கள். இந்த இலை உருவம் பரிணாமத்தில் ஒரே தாவலில் வந்ததல்ல, சாதாரண வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கைக் கோடுகள் படிப்படியாக இடம் மாறி வந்தது என்று 2014ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல இனங்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதைப் படித்ததிலிருந்து எந்தப் படத்திலும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோடு சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

மழைக்காடன்:

செதில் அண்ணா பூச்சியைச் சொல்லிவிட்டார், நான் கேமராவைச் சொல்கிறேன்.

இறக்கை தெளிவு, தலை மங்கல் என்றால் கேமராவின் முதுகு இறக்கைக்கு இணையாக இல்லை. மூடிய இறக்கை ஒரு தட்டையான தாள் மாதிரி, தலையும் கண்ணும் அதே தளத்தை ஒட்டித்தான் இருக்கின்றன, ஆகவே பக்கவாட்டில் சரியாக இணையாக நின்றால் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும், தெளிவு ஆழம் கூடும்) போதும், எல்லாமே ஃபோகஸில் வரும். பூச்சி சட்டத்தை நிரப்பும் அளவுக்கு நெருங்கினால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 8க்குத் தெளிவு ஆழம் நாலைந்து மில்லிமீட்டர்தான். நீங்கள் கொஞ்சம் முன்பக்கமாகவோ மேலாகவோ சாய்ந்து நின்றால் அந்த ஐந்து மில்லிமீட்டர் இறக்கையிலேயே முடிந்துவிடும். எஃப் 22க்குப் போய்ச் சமாளிக்க நினைக்காதீர்கள், சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால் நுணுக்கம் கெட்டுவிடும், இந்தப் பூச்சியில் நுணுக்கம்தான் எல்லாமே. ஃபோகஸ் புள்ளி எப்போதும் கண்ணில். கண் எது என்று தெரியாமல் தடுமாறினால் உணர்கொம்பைத் தேடுங்கள். ஓய்வில் இருக்கும்போது அதையும் இறக்கைகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும், அப்போது காலைத் தேடுங்கள், கால் இருக்கும் பக்கம்தான் தலை.

மேக்ரோவை இப்போதைக்குப் பையில் வையுங்கள். 100-400ஐ நீட்டி அதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்திலிருந்து எடுங்கள், இத்தனை பெரிய பூச்சிக்கு அது போதும், பூச்சிக்கும் நிம்மதி. அந்தத் தூரத்தில் ஏழெட்டுப் படம் எடுத்த பிறகு, அது இன்னும் உட்கார்ந்திருந்தால், அப்புறம் நெருங்கலாம். காட்டுக்குள் வெளிச்சம் கம்மி, 1/400 நொடிக்குக் கீழே 400 மி.மீ.யைக் கையில் பிடித்து எடுப்பது கஷ்டம், ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். டிரைபாட் விரிக்கிற நேரத்தில் பூச்சி போய்விடும், ஒற்றைக்கால் மோனோபாட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. நேராக அடித்தால் இறக்கைச் செதில்கள் பளபளக்கும், பின்னணி கறுத்துப்போகும், சருகு சருகாக இல்லாமல் பிளாஸ்டிக் ஆகிவிடும். வேண்டுமென்றால் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் போட்டு, ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, நிழலை நிரப்ப மட்டும் வையுங்கள். அதைவிட முக்கியமானது வெள்ளைச் சமநிலை. மேலே இலைக்கூரை, அதில் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சையாக இருக்கும், பழுப்பு நிறம் பாசி பிடித்தது மாதிரி மாறிவிடும். நிறத்தைப் பிறகு திருத்த வசதியான ரா ஃபார்மட்டில் எடுங்கள், அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இந்தப் பூச்சியில் ஒன்றின் அடிப்பக்கம் இன்னொன்றைப் போல இருக்காது, காவி, சாம்பல், செம்பழுப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, நிறம் தப்பினால் அந்த அழகே போயிற்று.

நீலப் பக்கத்துக்கு இரண்டு வழி. ஒன்று காலை வெயில். உடம்பு சூடேறாமல் இவற்றால் சரியாகப் பறக்க முடியாது, இரவு குளிருக்கோ மழைக்கோ பிறகு முதல் வெயில் விழும் இலைமேல் வந்து இறக்கையைப் பாதியோ முழுசோ விரித்துக் காயும். பாதையில் எந்த இடத்தில் முதலில் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் கேமரா இல்லாமலேயே போய்ப் பார்த்து வாருங்கள். இரண்டாவது வழி கிளம்பும் நொடி. சில மிரர்லெஸ் கேமராக்களில் பட்டனை முழுசாக அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. 1/2500 நொடி வைத்து, பூச்சியை ஓர் ஓரமாக வைத்து, அது பறக்கப் போகும் பக்கம் இடம் விட்டுக் காத்திருந்து, கிளம்பியதும் அழுத்தினால் விரிந்த இறக்கை சிக்கும். ஆனால் மின்னணு ஷட்டர் மெதுவாகப் படிக்கும் கேமராவாக இருந்தால் இறக்கை வளைந்து நெளிந்து வரும், முதலில் வேறு எதிலாவது சோதித்துப் பாருங்கள். அந்த நீலம் ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. வண்ணத்துப்பூச்சிகளில் நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை, செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஓர் அடி இடம் மாறினால் கறுப்பாகத் தெரிந்தது நீலமாகும், அதனால் ஒரே இடத்தில் நின்று இருபது படம் எடுப்பதைவிட நாலு கோணத்தில் ஐந்தைந்து எடுப்பது மேல்.

தும்பை:

குளிரில் வைக்கும் யோசனை சொன்னவரிடம் தயவுசெய்து அது வேண்டாம் என்று சொல்லுங்கள். என் மனதுக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. குளிரவைத்த பூச்சி உட்காரும் விதமே தெரிந்துவிடும், கால்கள் கிளையைப் பிடித்திருக்காது, உணர்கொம்பு தொங்கும், முன் இறக்கை சரியாக இறங்கியிருக்காது. செதில் சொன்னாரே அந்தக் கோடு, அது சேர்ந்திருக்காது. படம் எடுத்த பிறகு அதை இலைமேல் விட்டுவிட்டுப் போவார்கள், சூடேறும்வரை அதால் பறக்க முடியாது, அந்த நேரத்தில் ஓர் எறும்புக் கூட்டமோ ஓணானோ வந்தால் என்ன செய்யும்? வலையில் பிடிக்கும்போதே இறக்கையின் செதில்கள் உதிர்கின்றன, அவை திரும்ப முளைக்காது. பல நாடுகளில், பல காப்புக்காடுகளில், பிடிப்பது சட்டப்படியும் தவறு.

இன்னொன்றும் யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூச்சி பூவுக்கு வருவது அபூர்வம். அழுகிய பழம், மரத்திலிருந்து வடிந்து புளித்த சாறு, சாணம், ஈர மண், இவைதான் அதற்கு வேண்டும். அதனால் பழத்தை நசுக்கிப் பாதையில் வைத்துக் காத்திருப்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காட்டுக்குள் நாம் கொண்டுபோய் வைக்கும் பழத்துக்குக் குரங்கும் பன்றியும் வரும், எறும்பு வரும், பறவைகளும் அங்கே பூச்சி கிடைக்கும் என்று பழகிவிடும். உலகத்திலேயே நன்றாக ஒளிந்துகொள்ளத் தெரிந்த ஓர் உயிரை, ஒளிய முடியாத இடத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம்.

அதற்குப் பதில் காட்டில் ஏற்கனவே சாறு வடியும் மரத்தைத் தேடுங்கள். பட்டையில் வண்டு துளைத்த இடம், கிளை முறிந்த இடம், அங்கே கறுப்பாக ஈரம் தெரியும், புளித்த வாசனை வரும், ஈயும் வண்டும் மொய்க்கும். காட்டு அத்தி பழுத்து விழும் காலமாக இருந்தால் அதன் அடியில் பாருங்கள். ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நாள் கணக்கில் அதே மரத்துக்கு வரும். உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிக்கத் தொடங்கியபின் அதன் கவனம் குறைந்துவிடும், சில சமயம் குடித்துக்கொண்டே இறக்கையை ஒரு நொடி திறந்து மூடும். நீலம் அங்கேயே கிடைக்கலாம்.

ஓடைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. குளிர் விஷயம் முடிந்தது, செய்ய மாட்டேன். ஒரே ஒரு கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. பார்ப்பவருக்குத் தெரியும்படி எடுப்பது எப்படி? பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமா?

மழைக்காடன்:

பிரிக்கத்தான் வேண்டும். பூச்சியின் உயரத்துக்கே குனியுங்கள், மேலிருந்து எடுத்தால் பின்னால் சருகுதான் இருக்கும். உயரம் சமமானால் பின்னணி பல அடி தள்ளிப் போகும், எஃப் 5.6ல் பச்சை மங்கலாக ஆகிவிடும், அதில் பழுப்பு இலை தனியாக நிற்கும், காலும் கண்ணும் பளிச்சென்று தெரியும்.

செதில்:

இங்கே நான் தம்பியோடு முரண்படுகிறேன். பச்சை மங்கலில் தனியாக நிற்கும் படம் அழகுதான், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்ப்பவருக்கு "இலை மாதிரி இருக்கிற பூச்சி" என்ற செய்தி கிடைக்கிறதே தவிர, உங்களுக்கு அந்தப் புதர் முன்னால் அரை மணி நேரம் நடந்தது கிடைக்காது. வீட்டில் "பூச்சி எங்கே?" என்று கேட்டார்களே, அந்தக் கேள்வி வருகிற படம் தோற்ற படம் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அந்தப் பூச்சி பறவைகளுக்கு எதிராகச் செய்கிற வேலையை உங்கள் படத்துக்குள்ளும் அது செய்திருக்கிறது. என் யோசனை, சருகு நடுவே சருகாக இருப்பதை அகலமாக, எஃப் 11ல், சுற்றியிருக்கும் இலைகளும் தெளிவாக வரும்படி எடுங்கள். பார்க்கிறவர் தேடட்டும். தேடினால் கண்டுபிடிக்க ஒரு நூல் மட்டும் கொடுங்கள், கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழும் கோணத்தில் நில்லுங்கள், அது போதும்.

இன்னொரு விஷயம். பழைய அருங்காட்சியகக் காட்சிப் பெட்டிகளில் வால் கிளையைத் தொட, தலை மேலே இருக்க, காம்போடு ஒட்டிய இலை மாதிரி ஊசி குத்தி வைத்திருப்பார்கள். நான் காட்டில் பார்த்தவரை பெரும்பாலும் மரத்தண்டில் தலைகீழாகத்தான் உட்காருகிறது. நீங்கள் எடுக்கும் படத்தைக் கணினியில் திருப்பி "சரி" செய்யாதீர்கள். எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும்.

மழைக்காடன்:

தலைகீழ் விஷயத்தில் முழு உடன்பாடு. அகலப் படம் பற்றி யோசிக்கிறேன், எஃப் 11, சருகு முழுக்கத் தெளிவு என்றால் நிழலில் ஐஎஸ்ஓ 6400 வரை போகும், அதற்கு மோனோபாட் கட்டாயம். முதலில் தனிப்படம், பிறகு நேரம் இருந்தால் அகலப் படம் என்று வைத்துக்கொள்ளலாமே.

ஓடைக்கரை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் இரண்டு நாள் கேமராவை எடுத்துப் போகவில்லை. தும்பை சொன்னபடி மோந்து மோந்து நடந்ததில் ஓடைக்கு மேலே முறிந்த கிளையோடு ஒரு மரம் கிடைத்தது, தண்டில் நெஞ்சு உயரத்தில் சாறு வடிகிறது, ஈக்குப் பதில் குளவியும் வண்டும் மொய்க்கின்றன. மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு அது வந்தது. தலைகீழாகத்தான் உட்கார்ந்தது, செதில் அண்ணா! எட்டடி தூரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தேன். முன் இறக்கை தூக்கியிருந்தது, கோடு உடைந்திருந்தது நன்றாகத் தெரிந்தது, ஒரு நாலு நிமிடம் கழித்து மெல்ல இறங்கிக் கோடு சேர்ந்தது. அதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது, முதல் ஐந்தாறு படம் அதனாலேயே வீண். பிறகு இணையாக நின்று 400ல் எடுத்தவற்றில் கண், உறிஞ்சுகுழல், வால் எல்லாம் தெளிவு.

நீலம் அங்கே கிடைக்கவில்லை. குடித்துக்கொண்டே ஒரு முறை திறந்தது, நான் தயாராக இல்லை. ஆனால் ஆறாம் நாள், இரவு மழைக்குப் பிறகு, பாதை வளைவில் முதல் வெயில் விழும் இலைமேல் பாதி விரித்து உட்கார்ந்திருந்தது. நின்ற இடத்திலிருந்து கறுப்பாகத்தான் தெரிந்தது, இடது பக்கம் இரண்டு அடி நகர்ந்ததும் நீலம் பொங்கி வந்தது, ஆரஞ்சுப் பட்டை அதன்மேல் கங்கு மாதிரி இருந்தது. ஒன்பது படம். பறந்துவிட்டது.

அகலப் படமும் எடுத்தேன், ஐஎஸ்ஓ 6400, எஃப் 11, மோனோபாட். கீழே சருகுக் குவியலில் அதுவாகவே இறங்கியது. வீட்டில் காட்டினேன், என் மகள் ஏழு நிமிடம் தேடினாள், கண்டுபிடித்ததும் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மழைக்காடன், உங்கள் தனிப்படம்தான் அடையாளத்துக்கு உதவியது, சந்தேகமே இல்லை, ஆனால் நான் பெரிதாக அச்சிடப் போவது அந்தச் சருகுப் படத்தைத்தான்.

ஒரு கேள்வி பாக்கி. மரத்தில் எடுத்ததும் வெயிலில் எடுத்ததும் ஒரே பூச்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மரத்தில் இருந்ததன் பின் இறக்கை ஓரத்தில் முக்கோணமாக ஒரு கிழிசல் இருக்கிறது.

தும்பை:

படித்து முடித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்த முக்கோணக் கிழிசல் அநேகமாக ஏதோ பறவை கொத்தியதாக இருக்கும். இறக்கை கிழிந்தால் ஆறாது, அதனால் அது நல்ல அடையாளம். வெயில் படத்தில் அதே பக்கப் பின் இறக்கை ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மேல்பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெட்டு அதே இடத்தில், அதே வடிவத்தில் இருக்க வேண்டும். தேதி முக்கியம், மரத்தில் எடுத்தது முந்தியது, ஆகவே வெயில் படத்தில் கிழிசல் இல்லையென்றால் அது வேறு பூச்சி. அப்படியென்றால் அந்த ஓடையோரம் குறைந்தது இரண்டு இருக்கின்றன.

ஓடைக்கரை:

பார்த்துவிட்டேன். கிழிசல் இல்லை, ஓரம் முழுசாக இருக்கிறது. இரண்டு! நாளைக் காலை மறுபடி அந்த மரத்துக்குப் போகிறேன்.